மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒரு வசதி. இயேசு தன்னை மாற்றிய கதையை அவர் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் எழுந்து போக முடியாது. ஓடுகிற காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கே போவது? முக்கால் மணி நேரமும், சிக்னல் சிக்னலாக, தனக்குக் கிடைத்த சமாதானத்தை எடுத்துச் சொல்வார். "ரெண்டாவது கியருக்கு வாங்க. மனசுல இருக்கிற பாரத்தை இயேசுகிட்ட இறக்கி வைங்க. கண்ணாடியப் பாருங்க." எதை முதலில் செய்வதென்று புரியாமல் எத்தனையோ பேர் நடுரோட்டில் வண்டியை ஆஃப் செய்திருக்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் முன்பு வேறு மாதிரி. ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காரை ஓரங்கட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஆண்டவரே, என்னை என்னாலேயே தாங்க முடியல" என்றார். அவ்வளவுதான் ஜெபம். எழுந்து வெளியே வந்தபோது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவர் யாரிடமும் கத்தவில்லை.

ஊரே அவர் சாட்சியைக் கேட்டாகிவிட்டது. அதற்கு மசியாத ஒரே ஆள் அவர் மனைவி. "உங்களுக்கு நல்லதுன்னா போயிட்டு வாங்க" என்று ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். கூட மட்டும் வரமாட்டாள். பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகக் கிடப்பது மாஸ்டருக்கு வாராவாரம் வலிக்கும்.

அந்த அம்மாள் லைசென்ஸ் டெஸ்டில் வேறு இரண்டு தடவை ஃபெயில். கற்றுக்கொடுத்தவர் சாட்சாத் மாஸ்டரேதான். இரண்டு தடவையும் ஒரே தப்பு: பிரேக் போட வேண்டிய இடத்தில் போடவில்லை. மூன்றாவது டெஸ்டுக்கு இன்னும் ஒரே நாள்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. "பயப்படாத, கர்த்தர் பாத்துப்பார்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் அதை மிதித்திருக்கும். சைக்கிள், நாய், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, ஒன்றையும் விடமாட்டார்.

அன்று கடைசிப் பயிற்சியில் மூன்றாவது பிளாஸ்டிக் பைக்கு அவர் மிதித்ததும், மனைவி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"ஏங்க, நான் எப்பங்க பிரேக் போடுறது? நான் கால எடுத்து வைக்கிறதுக்குள்ள நீங்க போட்டுடுறீங்க. டெஸ்ட்ல பக்கத்துல உக்கார்ற ஆபீசர் போட மாட்டேங்கிறாரே."

"ஒரு ஜாக்கிரதைக்குத்தான்மா."

"நாலு வருஷமா சமாதானம், சமாதானம்னு சொல்றீங்க. வாய்க்கு வந்திருக்கு, சந்தோஷம். கால் வரைக்கும் இறங்கலையே."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி, தொப்பை இடிக்க இடிக்க, சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"போம்மா."

கார் மார்க்கெட் ரோட்டுக்குள் நுழைந்தது. மாஸ்டர் உள்ளுக்குள் மட்டும் ஆண்டவரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நின்றிருந்த வாழைத்தார் லாரி ஒன்று திடீரென்று ரிவர்ஸில் வர ஆரம்பித்தது. மாஸ்டரின் கால் கட்டை விரல்கள் பிரேக்குக்குத் துடித்தன. இரண்டையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லாரியைத் தொட ஒரு முழம் இருக்கும்போதே கார் அலுங்காமல் நின்றது.

"நீயா போட்ட?"

"பின்ன யாரு?"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுறீங்களா?"

"இல்ல, கால் மரத்துப்போச்சு."

அவள் சிரித்தாள். லாரி விலகும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கியரைப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். நான்தான் ஓட்டுவேன். நீங்க இதே மாதிரி உக்காந்து வரணும், பேசக்கூடாது."

சொல்ல நாலு வருஷத்துப் பேச்சு தொண்டை வரை வந்தது. மாஸ்டர் அதை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.