என் மச்சானின் தராசு சைபர் காட்டிய நாள்

என் மச்சான் ஹரிதாஸுக்கு முப்பத்தொரு வயது. புலாவ் செபாங் தோட்டத்தில் பிறந்து, இப்போது பாயா ரும்புட்டில் சொந்த வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறான். என் மனைவி கோமளா தன் தம்பியை ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை புகழ்வாள். இருபது வருடமாக எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டும் என்னை ஒரே தடவை புகழ்ந்தாள், அதுவும் வேறு யாரோ என்று நினைத்து. அவன் ஒரு தடவை சறுக்க வேண்டும், அதை நான் நேரில் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

போன மாதம் எங்கள் ஆலையின் லோரித் தராசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. எடை எழுதும் புரோகிராம் பழையதுதான். தராசு சொல்வதை வாங்கி அதற்குக் கொடுக்கும் பகுதியை மட்டும் ஹரிதாஸ் புதிதாக எழுதினான்.

முதல் லோரி என்னுடையது. ஏற்றியிருந்த குலை மேகத்தை இடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, சைபர் காட்டுது," என்றாள் எடை எழுதும் தேவமலர்.

"நல்லா பாரும்மா! என் தொப்பையே அரை டன் இருக்கும் லா!"

சைபரேதான். பின்னால் லோரிகள் தம்பின் ஊர் வரை நின்றன. எனக்கு அன்று தீபாவளி. நானே அவனுக்குப் போன் அடித்தேன். கோமளாவையும் வரச் சொன்னேன்.

வந்தவன் திரையையே பார்த்தான்.

"என்னடா மச்சான், நான் காத்தையா ஏத்திட்டு வந்தேன்?"

"இல்ல மாமா, தப்பு என்னுது. நேரம், எடை ரெண்டையும் அடுத்தடுத்து அனுப்புறேன். நேரத்துக்கு 'லாங்'ங்கிற எண் வகைய எழுதிட்டேன். அதோட அளவு இடத்துக்கு இடம் மாறும். அடியில என் பகுதி ஓடுற கர்னல், அதாவது கம்ப்யூட்டரோட மூலப் புரோகிராம், எட்டு பைட் ஒதுக்குது. மேல உள்ள பழைய புரோகிராம் நாலுதான்னு நெனச்சு, அஞ்சாவதுலேர்ந்து எடைன்னு படிக்குது. அங்க இருக்குறது நேரத்தோட மிச்சம், வெறும் சைபர். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க, நாலு பைட், அதாவது முப்பத்திரண்டு பிட்டுன்னு கறாரா எழுதியிருக்கணும்."

அங்கேயே மாற்றினான். எடை சரியாக வந்தது.

மேலாளர் முனியாண்டி அவன் தோளில் தட்டினார். "தப்ப ஒத்துக்குற ஆள இப்பதான் பாக்குறேன். அடுத்த ஆலைக்கும் நீயே செய்."

"பாத்தீங்களா என் தம்பிய!" என்றாள் கோமளா. நாலாயிரத்து ஒன்று.

எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஆலை கொதிகலனையே ஓட்டியிருக்கலாம். மறுநாள் லோரியைப் பின்னால் எடுத்து ஆலைக் கேட்டை லேசாக இடித்தேன். நேராக முனியாண்டியிடம் போய், "தப்பு என்னுது," என்று தோளைக் காட்டி நின்றேன்.

அவர் தட்டவில்லை. "கண்ணு தெரியலையா லா?" என்றார்.