உட்கார விடாத மாத்திரை

இரண்டு வருடத்துக்கு முன்பு, எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் நேரம். ராஜபாளையத்தில் எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

அப்போது வந்த ஒரு காய்ச்சல் விட்ட பிறகும் வாந்தி நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாளே வாந்தி நின்றது. ஆனால் வேறொன்று தொடங்கியது.

என்னால் உட்கார முடியவில்லை. வலி எதுவும் கிடையாது. சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால், உள்ளுக்குள் யாரோ 'எந்திரி, எந்திரி' என்று தள்ளுவது போலிருக்கும். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சில் ஒரு பயம்.

பக்கத்து வீட்டு அத்தை, "ஏட்டி, என்னத்தத் தொலைச்ச? சொன்னா நானும் சேந்து தேடுவேன்ல" என்று சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சா மண்டை தாங்குமா? சின்னவளையாவது பன்னெண்டோட நிறுத்துங்க" என்றார்.

தங்கை என் முகத்தையே பார்த்தாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். எனக்குப் பைத்தியம் என்று ஆகிவிட்டால் அவள் படிப்பும் போச்சு. அதனால் உள்ளே நடப்பதை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவோடு மறுபடி டாக்டரிடம் போன அன்று, பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் படிக்கட்டுப் பக்கம் நின்றேன். "ஏம்மா, சீட்டுல முள்ளா கெடக்கு?" என்றார் கண்டக்டர். கீழே ஓடிய ரோட்டைப் பார்த்தபோது, குதித்துவிட்டால் இந்தத் தவிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. டாக்டர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், கூட ஒரு வார்த்தை பேசினால் அவர் நேரத்தைத் தின்கிற மாதிரி என்பது அம்மாவின் எண்ணம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். உள்ளே போகும் முன் காதோடு சொன்னாள்: "அவிய கேக்கறத மட்டும் சொல்லு. மத்தத உளறி, வெளிய தெரிஞ்சா உன்னைய யாரு கட்டுவா?"

"வாந்தி?" என்றார் டாக்டர்.

"நின்னுருச்சு சார்."

"நல்லது. இதையே இன்னும் கொஞ்ச நாள் போடுங்க." எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "உக்காருங்கம்மா, ஏன் நிக்கறீங்க?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். "நிக்கட்டும் சார். பஸ்ல உக்காந்தேதான வந்தா" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

"உக்கார முடியல சார்" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நடை, பயம், பஸ்ஸில் தோன்றியது வரை சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரைக்கு முன்னாடி இப்படி இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"இந்த வாந்தி மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும். உங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல. மொத நாளே வந்து சொல்லியிருக்கலாம். நானும் கொடுக்கும்போதே எச்சரிச்சிருக்கணும்."

அதை நிறுத்தச் சொல்லி, தவிப்பு அடங்க வேறு மருந்து கொடுத்தார். அடங்கும் வரை என்னைத் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா வேலைக்குப் போகாமல், குளியலறை வாசல் வரை பின்னாலேயே வந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தும் அப்படியே இருந்தேன். தங்கைதான் கவனித்தாள். "அம்மா, அக்கா எந்திரிக்கவே இல்ல" என்றாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பெரியப்பா வந்தபோது, "கோளாறு மாத்திரையிலதான், மண்டையில இல்ல" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

இன்றைக்கும் டாக்டர் முன்னால் போனால், உடம்புக்கு என்ன என்று சொன்ன கையோடு, மனசில் என்ன ஓடுகிறது என்பதையும் அவர் கேட்காமலே சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதைச் சொல்லாமல் நான் வெளியே வருவதில்லை.