சிவப்புப் பூட்டில் எழுதிய நம்பர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாத வெள்ளிக்கிழமை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற நாலு மாடிக் கவுன்சில் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் இது நடந்தது. சோலார் பேனல் பொருத்தும் வேலைக்கு நான் பழகுநராகச் சேர்ந்து ஐந்தாறு மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. என்னோடு சேர்ந்து தொழில் பழகியவர்களுக்கு என் வயதில் பாதிகூட இல்லை.

இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு ஏன் கூரை ஏறுகிற வேலை என்று கேட்காதவர் இல்லை. ஈஸ்ட் ஹாமில் நான் வருடக்கணக்காகக் கல்லாவில் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த பலசரக்குக் கடையை ஒருநாள் மூடிவிட்டார்கள். வேறு கடை தேடி அலைந்தபோதுதான், சம்பளத்தோடு தொழில் பழக்குகிறார்கள் என்று ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று தடுக்க வீட்டில் ஆள் இருந்தால் போயிருக்க மாட்டேனோ என்னவோ. எனக்குக் கலியாணம் நிலைக்கவில்லை, பிள்ளைகளும் இல்லை. இதே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு அண்ணை இருக்கிறார். நான் பிரிந்து வந்தபோது, "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்தானே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றோடு பேச்சு நின்றுபோனது. ஈஸ்ட் ஹாமில் பலர் குடியிருக்கும் ஒரு வீட்டில் எனக்கென்று ஒரு அறை. காலையில் கதவைப் பூட்டுவேன், மாலையில் திறப்பேன். இடையில் என்ன நடந்தது என்று கேட்க யாரும் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் பட்டறையில் படிப்பு, மூன்று நாள் வெளியே வேலை. ஜெர்மனியில் காலம் காலமாக இப்படித்தான் தொழில் பழக்குவார்களாம். பழக்குகிறார்களோ வதைக்கிறார்களோ என்று முதலில் எனக்குச் சந்தேகமாக இருந்தது. முதல் வாரங்கள் முழுவதும் வயரின் நுனியைச் சீவுவதுதான் வேலை. நான் சீவியதை ஒரு ஜெர்மன் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், நுனியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி சீவச் சொல்வாள். அவள்தான் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. என்னைவிட இருபது வயதாவது இளையவள். தன் ஊரில் மூன்றரை வருடம் இதே தொழிலைப் பழகி, சோதனை எழுதிப் பாஸ் பண்ணி வந்தவள். சிரிப்பதற்கும் அளவு வைத்திருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த அன்றே ஆளுக்கொரு சிவப்புப் பூட்டுத் தந்தார்கள். மின்சாரத்தில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்தபின் அதில் அவரவர் தம் பூட்டைப் போட வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. மாற்றுச் சாவி கிடையாது. போட்டவர் மட்டும்தான் கழற்றலாம். ஒரு பூட்டுத் தொங்கினாலும், உள்ளே எங்கோ ஒரு உயிர் நிற்கிறது என்று அர்த்தம். பூட்டோடு ஒரு சிறிய அட்டையும் இருக்கும். அதில் நம் படம், பெயர், ஏதாவது நடந்தால் அறிவிக்க வேண்டியவரின் போன் நம்பர். சுவிட்சை அணைத்தால் போதாதா, இதென்ன கோயில் கதவா என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிட்டது. வேலை முடிந்து எல்லோரும் சாமான்களைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒரு கருவிப் பை மிச்சம் இருந்தது. அதை எடுத்து வரச் சொன்னார்கள், சுவிட்சில் இருந்த என் பூட்டைக் கழற்றாமலே ஏறினேன். என் கைப்பையும் போனும் கீழே வேனில் இருந்தன. மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை, நான் பையைத் தூக்குகிற நேரம் பார்த்துக் காற்றில் நழுவியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் பிடி இல்லை.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கதவில் அடித்தேன், ஓரத்துக்குப் போய்க் கத்தினேன். கட்டடத்தின் மறுபக்கம் ரயில் போகும் சத்தம். எங்கள் இரண்டு வேன்களில் ஒன்று வெளிக்கிட்டுப் போவது தெரிந்தது. அதில் போகிறவர்கள் நான் மற்ற வேனில் வருவதாக நினைப்பார்கள். மற்ற வேனை ஓட்டும் அந்த ஜெர்மன் பெண் நான் இதில் போய்விட்டதாக நினைப்பாள். மெல்ல ஆலங்கட்டி விழத் தொடங்கியது. காலால் தரையை உதைத்துப் பார்த்தேன். கீழ் வீட்டில் டிவி ஓடியிருக்க வேண்டும், யாரும் வரவில்லை.

குளிர் ஏற ஏற ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வீடு திரும்பவில்லை என்பதை யார் முதலில் கவனிப்பார்கள்? சனிக்கிழமை யாரும் இல்லை. ஞாயிறும் இல்லை. குளிப்பறை வழக்கத்தைவிட நேரத்தோடு கிடைக்கிறது என்று வீட்டில் யாராவது சந்தோஷப்படலாம். திங்கட்கிழமை காலையில்தான் என் பெயரைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று குறிப்பார்கள். அதற்குள் இந்த ஈரத்தில் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. லிப்ட் அறைச் சுவரோடு ஒதுங்கிக் குந்தினேன். அழுதேன். சாவுக்குப் பயந்து அழுததைவிட, தேட ஆளில்லாமல் போனேனே என்றுதான் அழுதேன்.

அந்த நேரம் கீழே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைக் கட்டடப் பொறுப்பாளரே பிறகு எனக்குச் சொன்னார். நாங்கள் அணைத்த சுவிட்சில்தான் லிப்டும் மாடிப்படி விளக்குகளும் ஓடின. சாமான் பைகளோடு ஒரு வயதானவர் லிப்டுக்காகக் கீழே காத்து நின்றார். சுவிட்சில் மற்றப் பூட்டெல்லாம் கழன்று, என் பூட்டு மட்டும் தொங்கியது. பொறுப்பாளர் பொறுமையிழந்து பெரிய கட்டரைக் கொண்டு வந்திருக்கிறார். "மறந்துபோய் வீட்டுக்குப் போயிருப்பாள், வெட்டி எறி" என்றாராம். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், நானும் செய்திருப்பேன். அந்த ஜெர்மன் பெண் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். பூட்டுக்காரி வந்துதான் கழற்ற வேண்டும் என்று ஒரே பிடி. பிறகு அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினாள்.

வாசலில் நின்ற வேனுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருந்து போன் அடித்தது.

அது என் போன். அறிவிக்க வேண்டியவர் என்று கேட்ட இடத்தில் நான் என் நம்பரையே எழுதியிருந்தேன். எழுதும்போது பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. வெறுமையாக விட்டால் பக்கத்தில் இருக்கிற பெடியன்கள் பார்ப்பார்களே என்று என் நம்பரை எழுதிவிட்டேன். அதுவே அன்று என்னைக் காப்பாற்றியது. போன் இங்கே என்றால் ஆளும் இங்கேதான் என்று அவள் படிகளில் ஓடி ஏறியிருக்கிறாள்.

கதவு திறந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கட்டிப்பிடிக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. "அடிபட்டதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, "சரி, வந்து உன் பூட்டைக் கழற்று" என்றாள்.

கீழே வந்தேன். விரல்கள் மரத்துப்போய்ச் சாவி வழுக்கியது. பொறுப்பாளர் கை நீட்டினார். அவள் அவரைத் தடுத்தாள். தானும் சாவியை வாங்கவில்லை. என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அந்த வயதானவரும் பொறுப்பாளரும் காத்திருந்தார்கள். விரல்களுக்கு உணர்வு வந்தபின் நானேதான் திறந்தேன். விளக்குகள் எரிந்தன. கடைசியாக யார் என் கையைப் பிடித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

வேனில் வரும்போது அட்டையை என்னிடம் நீட்டினாள். "திங்கட்கிழமைக்குள் வேறு நம்பர் எழுதிக்கொண்டு வா. இது இல்லாமல் கூரை ஏற விடமாட்டேன்." அப்படியானால் உன் நம்பரையே எழுதிவிடுகிறேனே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன். கூரை இடிந்தால் நானும்தான் விழுவேன். வெளியே இருக்கிற ஒருவர் வேண்டும்."

வெளியே இருக்கிற ஒருவர். சொல்வது சுலபம். சனிக்கிழமை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அண்ணையின் பெயர்வரை போனேன். அழுத்தவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு எடுத்து, நான் செத்தால் உங்களுக்குச் சொல்லட்டுமோ என்று எப்படிக் கேட்பது? கடையில் கூட நின்றவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். ஒரு நம்பருக்காக இந்த வேலையே போய்விடும் போல இருந்தது.

எங்கள் வீட்டில் மேல் அறையில் ஒரு அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியிருப்பார், முதியோர் இல்லம் ஒன்றில் இரவு ஷிப்ட். எல்லோருக்கும் சமைக்க ஒரே குசினிதான், ஆனால் "அடுப்பு முடிஞ்சுதோ?", "ஓம்" என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பிளேன் டீ போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அக்கா, உங்கட போன் நம்பரை ஒரு இடத்தில எழுதலாமோ?"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் பிள்ளை, லோனுக்கோ? பிணை நிக்கிறது, கையெழுத்து வைக்கிறது ஒண்டும் எனக்கு ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "லோன் இல்லை அக்கா. வேலையில எனக்கு ஏதும் நடந்தா ஆருக்குச் சொல்லுறது எண்டு கேக்கினம். எனக்கு ஒருத்தரும் இல்லை."

அவர் கேத்திலை இறக்கி வைத்தார். பிறகு நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். நன்றி சொல்லித் திரும்பியபோது கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கட நம்பரையும் தாங்கோவன். டொக்டரிட்டப் போனாலும் இதைத்தான் கேக்கினம். செத்துப்போன என்ர மனுசன்ர நம்பரைத்தான் நான் குடுத்துக்கொண்டிருக்கிறன். அது இப்ப ஆருக்கு அடிக்குதோ தெரியாது."

அன்று இரண்டு பேரும் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அவர் எனக்கும் சீனி போட்டுவிட்டார், நான் சீனி போடுவதில்லை என்று சொல்லாமல் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை அட்டையைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்த இணைப்பானாலும் சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஆட்களா அவர்கள்? என் கண்முன்னாலேயே போனை எடுத்து, அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். அக்கா இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார். வேண்டாம் என்று நான் சொல்லுமுன் அவர் எடுத்துவிட்டார். இவள் ஆங்கிலத்தில் என் பெயரைச் சொன்னதுதான் தாமதம்.

"ஐயோ! பிள்ளைக்கு என்ன? எங்க நிக்கிறா? ஆர் கதைக்கிறது?"

பட்டறையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனைப் பறித்து, "ஒண்டுமில்லை அக்கா, சும்மா நம்பரைச் சோதிச்சவை" என்றேன். "விசரோ உங்களுக்கு! எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு" என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். திட்டுகிறார் என்றேன்.

"நல்லது, வேலை செய்கிறது" என்று சொல்லி அட்டையை என் கையில் தந்தாள். அன்றைக்குத் தன் அளவைத் தாண்டிக் கொஞ்சம் கூடவே சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

இப்போது நானும் சோதனையில் பாஸ் பண்ணிவிட்டேன், எனக்குக் கீழும் இரண்டு பேர் பழகுகிறார்கள். அவர்களுடைய வயர் நுனிகளை நானும் இரக்கமில்லாமல் வெட்டிப் போடுகிறேன். தொழில், சம்பளம் என்று எத்தனையோ அந்தப் பயிற்சி தந்தது, ஆனால் எனக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று ஒரு மனிதர் பதறுவதை அன்றைக்குத்தான் என் காதால் கேட்டேன். அந்தக் குரலுக்கு இன்னொரு முறை அப்படிப் பதற வேலை வைக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு கூரையிலிருந்தும் இன்று பார்த்துப் பார்த்து இறங்குகிறேன்.