நகத்தளவு சக்கரம்

எங்கள் பழைய ரேடியோவை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. நாங்களேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். எழுபதுகளின் நடுவில், மரக்காணத்தில் உப்புப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து நானும் வீட்டுக்காரரும் பாடுபட்ட காலம் அது. பாண்டியில் ஒரு ரேடியோக் கடையில் பழசை வாங்கிக்கொண்டு, விலை குறைத்துப் புதுசு தந்தார்கள். பழசு மரப்பெட்டி, நல்ல கனம். புதுசு உள்ளங்கையில் அடங்கியது. "பாத்திக்கே எடுத்துனு போலாம்மே" என்றார் இவர். எனக்கும் வாயெல்லாம் பல்.

எங்களுக்குப் பாட்டு இரண்டாம்பட்சம். சாயங்காலச் செய்திக்குப் பின்னால் சொல்லும் வானிலைதான் முக்கியம். வாரிய உப்பை உடனே மூட முடியாது. வரப்பில் அம்பாரமாகக் கொட்டி, கசப்புத் தண்ணீர் வடியும்வரை சில நாள் திறந்தே போட வேண்டும். அந்த நாட்களில் கோடை மழை பிடித்தால் பாடெல்லாம் போச்சு. முன்கூட்டித் தெரிந்தால் கீற்றுப் போட்டு மூடிவிடலாம்.

பழசில் இருந்த பெரிய திருகு புதுசில் கிடையாது. ஓரத்தில் நகத்தளவு சக்கரம், அதுவும் பாதி உள்ளே புதைந்திருக்கும். உப்பில் வேலை செய்கிறவர்களுக்குப் பெருவிரல் வெடித்திருக்கும்; துணி சுற்றிக்கொண்டுதான் திரிவோம். அந்த விரலால் தொட்டால் சக்கரம் ஒன்று நகராது, இல்லை ஒரேயடியாக ஓடி இலங்கைப் பாட்டில் போய் நிற்கும். தேடிப் பிடிப்பதற்குள் செய்தி முடிந்துவிடும். ஒரே மாதத்தில் கரகரப்பும் சேர்ந்துகொண்டது. தலையில் தட்டினால்தான் பேசும். எனக்கு வந்த கோபத்துக்கு அதை உப்புத் தண்ணீரிலேயே முக்கியிருப்பேன்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிந்ததும் மண்வெட்டி முதலானவற்றை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவி வைப்பது எங்கள் வழக்கம்; இல்லாவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதே பக்தியோடு ரேடியோவின் முதுகைத் திறந்து, சக்கரத்துக்கும் உள்ளே தெரிந்த கம்பிகளுக்கும் நல்லெண்ணெய் விட்டார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம். அம்பாரம் ஆள் உயரம் நின்றது. "வட தமிழகக் கடலோர மாவட்டங்களில்..." என்றது ரேடியோ. அவ்வளவுதான். தட்டினேன், உலுக்கினேன்.

"இன்னா சொன்னான்?"

"கடலோர மாவட்டம்னான்."

"மழைன்னானா, வெயில்னானா?"

"அதத்தான் சொல்லலியே!"

வானம் தெளிவாக இருந்ததால் மூடாமல் விட்டோம். விடிகாலையில் கொட்டித் தீர்த்தது. கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதி உப்பு கரைந்து வாய்க்காலோடு போய்விட்டது. இவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன். விடுவதாக இல்லை.

கடைக்காரர் ரேடியோவின் முதுகைத் திறந்து மூக்கைச் சுளித்தார். "இன்னாம்மா, எண்ணெய் ஊத்தித் தாளிச்சிருக்கீங்க? இனி இத எவனும் பாக்க மாட்டான்."

"தப்புதான் சார். ஆனா பழசுக்கும் இதே எண்ணெய்தான் போட்டோம். அது நல்லாத்தானே பேசிச்சி?"

"இதெல்லாம் நாசூக்கா தொடணும்மா. ஒங்க கைக்கு வராது."

எனக்குச் சுருக்கென்றது. இடுப்பில் செருகியிருந்த துணித்துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இத பெருவிரல்ல சுத்திக்கினு, அதே மாதிரி புதுசு ஒண்ணுல ஸ்டேஷன் புடிச்சிக் காட்டுங்க. நான் பேசாம போயிடறேன்."

என்ன நினைத்தாரோ, சுற்றிக்கொண்டார். சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை இலங்கைக்கு ஓடியது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ரேடியோவைப் பட்டென்று அணைத்தார்.

அணைத்த பிறகும் ஒரு குரல் கேட்டது. அவருடைய மேசைக்குப் பின்னால் இன்னொரு ரேடியோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்டியின் மூலையில் எங்கள் வீட்டு சிம்னி விளக்கு சுட்ட தழும்பு. எங்கள் மரப்பெட்டியேதான்.

"ஊருக்கெல்லாம் புதுச வித்துட்டு, நீங்க மட்டும் எங்களுத கேக்கறீங்களா?"

அவர் அவசரமாக அதன் சத்தத்தைக் குறைத்தார்.

"அத குடுங்க. வாங்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரமும் போயிற்று. புதுசு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் துணித்துண்டை நீட்டி, "இத சுத்திக்கினு திருப்பிப் பாருங்க" என்றேன். மூன்றாவது ஆள் வாங்காமல் போனதும், அவரே பெட்டியை இறக்கி என் மடியில் வைத்தார்.

நான்காம் நாள் சாயங்காலம், துணி சுற்றிய விரலால் பெரிய திருகைத் திருப்பினேன். "வட தமிழகக் கடலோர மாவட்டங்களில்" என்று தொடங்கி, மழை பெய்யக்கூடும் என்று முடியும்வரை ஒரு சொல் விடாமல் கேட்டது. இருட்டுவதற்குள் மிச்சமிருந்த பாதி அம்பாரத்தை இரண்டு பேருமாக மூடினோம்.

சோற்றில் கை வைத்த நேரத்தில் கூரைமேல் மழை சடசடவென்று விழுந்தது. இவர் பதறி எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்து, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.