மலைக்குப் பிந்தி வரும் பந்து

எங்கள் தெருவில் முன்பு ஒரே ஒரு கூச்சல்தான். அரசு அலைவரிசையில் மட்டும் கிரிக்கெட் வந்த காலம் அது. கள்ளக்குறிச்சி முழுக்க ஒரே நொடியில் விக்கெட் விழும், எல்லா வீடும் சேர்ந்து கத்தும். என் மனைவியின் அக்காள் கணவர், என் சகலை, அப்போது பக்கத்து வீட்டுக்காரர்.

எதற்கும் தேதி சொல்லும் பழக்கம் உள்ளவன் நான். ஆனால் அந்தக் கூச்சல் எந்த ஆண்டு உடைந்தது என்று பழைய செய்தித்தாள்களைப் புரட்டியும் தீர்மானிக்க முடியவில்லை. ஆட்டங்களைக் காட்டும் உரிமை விலைபோய்க் கைமாறியபடி இருந்தது. டிஷ் வீடு முதலில் கத்தியது, அப்புறம் கேபிள் வீடு, கடைசியாகச் செல்போன்காரர்கள். விக்கெட் விழுந்ததும் விளம்பரம் வந்து விழும்.

"அவுட்டானவன் மூஞ்சிய கூட பாக்க வுடமாட்டேங்கிறானுங்க" என்பார் சகலை. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஆட்டம் பார்த்தவர் அவர்.

ரேஷன் கடை வேலையாகக் கல்வராயன் மலைக்குப் போனவர், ஓய்வு பெற்றும், மனைவி இறந்தும் அங்கேயே தனியாக இருந்துவிட்டார். காசு கட்டாதவர்களுக்கு நிறைய விளம்பரத்தோடு வரும் செயலியில்தான் ஆட்டம் பார்ப்பார். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பட்டன் போனில் என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இன்னொரு போனில் ஆட்டம் பார்ப்பார். எனக்கு விழுந்த விக்கெட் மலைக்குச் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும். நான் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு வாயை மூடிக் காத்திருப்பேன். அவர் கத்தும்போது நானும் கத்துவேன். ஒருமுறை என்னையறியாமல் மூச்சை இழுத்துவிட்டேன்.

"யோவ் சகல, மூச்சு வுடாத. எனக்கு இன்னும் பந்தே போடல."

அன்று ஒரு பெரிய போட்டியின் இறுதி ஆட்டம். சாயங்கால நேரம். கடைசி ஓவருக்கு முன் சொன்னார்: "இங்க விளம்பரம் ஓடிக்கினு கீது. ஜெயிச்சாலும் சொல்லாத. ஒண்ணா பாக்கலாம்."

ஜெயித்தோம். தெருவில் பட்டாசு வெடித்தது. அந்தச் சத்தம் அவருக்குப் போய்விடாமல் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, காதோடு அழுத்திக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் வர்ணனையாளர் குரல் மெல்ல ஏறியது. மட்டையில் பந்து பட்டது. மைதானமே அலறியது. சகலை கத்தவில்லை.

பெயின்ட் விளம்பரம் தொடங்கியது. அதில் ஒரு குழந்தை சிரிக்கும்.

வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்தேன். "சகல, இப்ப கத்தலாங்க" என்றேன். குழந்தை மறுபடியும் சிரித்தது.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஓடிப் பார்க்கச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தாராம். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன் ஓடிக்கொண்டிருந்ததாம். இதயம் நின்றிருக்கிறது, எந்த நிமிடம் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

இரங்கல் சுவரொட்டிக்குத் தேதியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். தேதி சரி. அந்தக் கடைசிப் பந்து அவருக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் விக்கெட் விழுந்தால் நான் உடனே கத்துவதில்லை. தெரு கத்தி முடிக்கும். கொஞ்சம் பொறுத்திருப்பேன். அதற்குள் அந்தக் குழந்தை சிரித்துவிடுகிறது.