கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெயில் சாயத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பிற்பகல். சிட்னியின் மேற்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் பெண்களுக்கான அமெரிக்கன் ஃபுட்போல் இறுதிப் போட்டி. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை.

சின்ன வயதிலிருந்தே நான் பெரிய உடம்புக்காரி. கல்யாண வீடுகளில் அன்ரிமார் என் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். கூட வேலை செய்கிற ஒருத்திதான் என்னைத் தன் ஃபுட்போல் அணியின் பயிற்சிக்கு இழுத்துப் போனாள். பந்தோடு ஓடுகிறவளுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தள்ளி வழி திறந்துவிட அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. என்னைக் கண்டதும் பயிற்சியாளருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! என் உடம்பைப் பார்த்து ஒருத்தி சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

முதல் வருடம் எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். அடுத்த வருடம் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வென்று இறுதிக்கு வந்துவிட்டோம். என் கணவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்க வந்தார்.

"கையைக் காலை முறிச்சுக்கொண்டு வராதையும்" என்றார்.

கடைசி நிமிடத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளிகள் எடுத்தோம். அப்படியும் ஒரு புள்ளி குறைவு. அப்படிப் புள்ளி எடுத்த அணிக்கு மேலதிகமாக ஒரே ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அதில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்தால் ஒரு புள்ளி, சமநிலை. இன்னொரு தடவை கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, கிண்ணம் எங்களுக்கு. என்ன செய்வோம் என்று பயிற்சியாளர் கேட்டாள். தாண்டுவோம் என்று எல்லோரும் கத்தினோம். எந்தப் பக்கத்தால் என்று அவள் யோசிக்கவே இல்லை. என் தோளில் தட்டி, இவளுக்குப் பின்னால் ஓடு என்று பந்துக்காரியிடம் சொன்னாள்.

எனக்கு எதிரே நின்றவள் என்னைவிட உயரம். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். விழுந்தாள். வழி திறந்தது. எங்கள் பந்துக்காரி என்னை உரசிக்கொண்டு பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து, மற்றப் பக்கத்திலிருந்து நீண்ட ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

புல்லில் குப்புறக் கிடந்து அழுதேன். பிறகு எழும்பி, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து, எதிரணிக்குக் கைகொடுத்துவிட்டு வந்தால், வேலியோரம் கணவர் நிற்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தோத்துப்போட்டமப்பா" என்றேன்.

"ஓம். ஆனா உமக்கு முன்னால நிண்டவள் மதில் சரிஞ்ச மாதிரியெல்லோ விழுந்தவள்! உம்மட பக்கத்தால ஒருத்தியும் வரேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்" என்றார்.

கிண்ணம் எதிரணியோடு போய்விட்டது. ஆனால், எல்லாம் ஒரே ஒரு ஓட்டத்தில் தங்கியிருந்த நேரத்தில் என் பின்னால் வருவதற்கு எங்கள் அணியினர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், எங்கே நின்றாலும் என்னையறியாமல் நிமிர்ந்துவிடுகிறேன்.