எழுமலைச் செம்மண்ணில் நான்கு முட்டைகள்

1979, மாசி மாதத்து ஞாயிறு. காலை ஐந்தரைக்குத் திருநகரிலிருந்து கிளம்பினேன். எழுமலைப் பக்கத்துப் பனைகளில் பொந்துக்குப் பொந்து கிளி குஞ்சு பொரித்திருப்பதாக ஆபீசில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு பஸ் கட்டணம் இரண்டு ரூபாய். அங்கே பஸ் மாறி, எழுமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே இறங்கிக்கொண்டேன்.

8.15 மணி. அவர் சொன்னது பொய்யில்லை. மொட்டைப் பனை ஒன்றின் பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகள் தலையை நீட்டி இரைக்குச் சண்டை போட்டன. சந்தோஷ அவசரத்தில், இரவல் பைனாகுலரில் கிளியைவிட வானம்தான் அதிகம் தெரிந்தது.

ஒன்பது மணி. முந்தின நாள் மழை ஈரத்தில், ரோட்டோரப் புஞ்சையில் ஒருவர் உழுதுகொண்டிருந்தார். நான் உள்ளே கால் வைத்ததுதான் தாமதம், ஆள்காட்டிக் குருவி ஒன்று என் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. குனிந்தால், செருப்புக்கு இரண்டடி தள்ளி வெறுந்தரையில் நான்கு முட்டைகள், மண்ணாங்கட்டி நிறத்தில்! படத்தில் மட்டுமே பார்த்திருந்த கூடு. ஏர் இன்னும் பத்துச் சால் வந்தால் அதன் கதை முடிந்தது. அவசரமாக ஒரு குச்சியை நட்டு, என் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, பெரிய காரியம் சாதித்தவனைப் போல அவரிடம் ஓடினேன்.

உழுதவர் பெயர் ஒச்சு. நான் சொல்லி முடிப்பதற்குள் ஏரை நிறுத்திவிட்டார்.

"மொதல்ல அந்தக் கொடியப் புடுங்குங்க சார். காக்காய்க்கு எலை போட்டு வச்ச மாதிரில்ல இருக்கு."

திரும்பினேன். இரண்டு காகங்கள் அதற்குள் குச்சியருகே இறங்கியிருந்தன. ஆள்காட்டி தனியாக அவற்றின் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. கையை வீசிக்கொண்டு ஓடினேன். காகங்கள் பறந்தன, குச்சியைப் பிடுங்கினேன். அப்புறம் முட்டைகள் எங்கே என்றே தெரியவில்லை! மிதித்துவிடுவேனோ என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"பயப்படாதீக. தூக்குன காலைப் பின்னாடி வையிங்க" என்று ஒச்சு அங்கிருந்தே வழி சொன்னார்.

நான்கும் முழுசாக இருந்தன. அவருக்கு அந்தக் கூடு நாலு நாளாகவே தெரியுமாம். முட்டை இருக்கும் இடத்தைக் கட்டில் அளவுக்கு விட்டுவிட்டு உழுவதுதான் அங்கே வழக்கமாம். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க நிக்கிற வரைக்கும் அது உக்காராது சார். வெயில்ல முட்டை வெந்துரும்."

9.40. ரோட்டில் நின்று பார்த்தேன். குருவி கூட்டை நெருங்கவில்லை. உசிலம்பட்டி பஸ் வந்தது. மனசே இல்லாமல் ஏறி, ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பஸ் நகர்ந்த பிறகுதான் அது ஓட்டமாக வந்து, இறகை விரித்து, முட்டைகள் மேல் உட்கார்ந்தது.